கிலோ கணக்கில் போட வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

பாகூர் பக்கத்தில் என் தாய்மாமா தன் கையால் செய்த டிராக்டர் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அதைத் தெரியும். மாணவர்களில் சிலரும் பார்த்திருக்கிறீர்கள். மாமா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டு வீடு எழுப்பப் போகிறார்கள். டிராக்டரை என்ன செய்வது என்று மூன்று வாரமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது.

மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. முதலாவது, காயலான் கடைக்குப் போடுவது. ஆள் வந்து பார்த்து, கிலோ கணக்கில் விலையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுப்பது. அவர்கள் மஞ்சள் பெயிண்ட் அடித்து, இன்ஜின் இருக்கும் இடத்தில் பூந்தொட்டி வைத்து, வாசலில் நிறுத்துவார்களாம். வருகிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம். மூன்றாவது, பழுதுபார்த்து ஓட வைத்துக் காப்பாற்றுவது.

நான் மூன்றாவது கட்சி. காரணங்களைக் குழுவில் துண்டு துண்டாக எழுதினால் நடுவில் யாராவது "குட் மார்னிங்" ரோஜாப்பூ போட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இது நம் வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. உங்களில் பலர் வீட்டுக் கொல்லையிலும் தாத்தாவோ சித்தப்பாவோ செய்த ஏதோ ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும்.

முதலில், தெரியாதவர்களுக்காக, அந்த வண்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாமா மில்லில் பிட்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் விவசாயம். நிலம் மூன்று காணிக்கும் கீழே. அந்த நிலத்துக்குக் கம்பெனி டிராக்டர் வாங்குவது நடக்காத காரியம். அந்தக் காலத்தில் பணம் இருந்தாலும் டிராக்டர் லேசில் கிடைக்காது. செக்கோஸ்லோவாகியாவின் செட்டார், சோவியத் நாட்டின் பைலாரஸ் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த காலத்தின் கடைசிக் கட்டம் அது. சென்னை செம்பியத்தில் 1960-இல் தொடங்கிய டாஃபே, மாஸ்ஸி பெர்குசன் வண்டிகளை வெளிநாட்டுக் கூட்டில் செய்துகொண்டிருந்தது. முழுக்க முழுக்க நம் நாட்டு வடிவமைப்பில், துர்காப்பூர் ஆய்வு நிறுவனத்தில் உருவான ஸ்வராஜ் டிராக்டர் பஞ்சாபிலிருந்து விற்பனைக்கு வந்ததே 1974-இல்தான்.

மாமா காத்திருக்கவில்லை. ஏரிப் பாசனத்துக்கு வைத்திருந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பழைய ஜீப்பின் கியர்பாக்ஸ், அதன் பின் அச்சு, சேனல் இரும்பில் ஒரு சட்டம், இவ்வளவுதான் மூலப்பொருள். இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்கு பெல்ட். கலப்பையைத் தூக்கி இறக்க ஹைட்ராலிக் கிடையாது, கை லீவர்தான். இன்ஜின் வாங்கிய பணத்தில் அத்தையின் இரண்டு வளையல்கள் இருக்கின்றன. ஆழ உழவெல்லாம் அது உழாது. அதை மாமாவே சொல்வார். புழுதி உழவு, எரு ஏற்றுவது, நெல் மூட்டை அடிப்பது, நின்ற இடத்தில் பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைப்பது, இதெல்லாம் செய்யும். பதினைந்து வருடத்துக்கு மேல் செய்தது.

சரி, ஏன் காப்பாற்ற வேண்டும்?

நம் ஊரில் பழசைக் காப்பாற்றுவது புதிய பழக்கம் இல்லை. கடற்கரைச் சாலையில் மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடம். அப்படியே விட்டுவிட்டோமா? பழைய தோற்றம் மாறாமல் கட்டி 2021-இல் திறந்தோம். எனக்கும் அதில் சந்தோஷம்தான். வெள்ளையர் தெருவில் ஒரு ஜன்னல் கதவின் நிறம் மாறினால்கூடக் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். நாம் வாழும் லாஸ்பேட்டையின் பெயரே பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆண்டவர்களின் கட்டிடம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. உழைத்தவர்கள் செய்த பொருள் எங்கே? இதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலை வந்தது. அப்படிக் கிடைத்த மிச்ச நேரத்தில் ஒரு மில் பிட்டர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியாக, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு வண்டி இருக்கிறது.

"பழைய டிராக்டர் ஆயிரம் இருக்கிறதே, எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா?" என்று மாமா பேரன் கேட்டான். நல்ல கேள்வி. முடியாது, காப்பாற்றவும் வேண்டாம். இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை பெர்குசன் டி.இ.20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் ஒன்று உருகிப் போனால் உலகத்துக்கு நஷ்டம் இல்லை. வரைபடம் இருக்கிறது, கையேடு இருக்கிறது, மற்ற வண்டிகள் இருக்கின்றன. மாமாவின் வண்டிக்கு வரைபடமே அந்த வண்டிதான். அது உலைக்குப் போனால், அந்த பெல்ட் சாய்மானத்தை அவர் எப்படிக் கணக்குப் போட்டார், கிளட்ச் இல்லாத குறையை இறுக்கு உருளை வைத்து எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் அதோடு போய்விடும். கடையில் வாங்கியது போனால் பொருள் போகிறது. கையால் செய்தது போனால் யோசனையும் சேர்ந்து போகிறது. எதை வைப்பது, எதைப் போடுவது என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

மாமா மட்டும் இப்படிச் செய்தவர் இல்லை. குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி, மாடு வைத்துக் கட்டுப்படியாகாமல், 1994 வாக்கில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் உழவுக் கருவியும் பூட்டினார். புல்லட் சாந்தி என்று பெயர். பட்டறை பட்டறையாக அதைப் பார்த்துச் செய்தார்கள். 2005-இல் அமெரிக்கக் காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. அதே குஜராத்தில் ஜுனாகத் பக்கத்து பாஞ்சிபாய் மதுகியா, பழைய ஜீப்பின் பாகங்களைக் கொண்டு பத்துக் குதிரைத் திறனில் வன்ராஜ் என்ற சின்ன டிராக்டர் செய்தார். அவருக்கு வந்த தடை தொழில்நுட்பத்தில் இல்லை, காகிதத்தில். டிராக்டர் என்று விற்க வேண்டுமானால் மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய நிறுவனத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். பட்டறைக்காரர் எங்கே போவார்? அதே மனிதர்தான் சிற்றாறுகளில் கல்லை அடுக்கிக் குறைந்த செலவில் தடுப்பணை கட்டியவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் செய்யத் தெரிந்த கை இன்னொன்றையும் செய்யும்.

இவர்கள் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ போய் எழுதி வைத்தார்கள். பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு ஊர் ஊராக நடந்து தேடியது. தமிழில் மதுரை சேவா அமைப்பு "நம் வழி வேளாண்மை" இதழில் நம் விவசாயிகளின் யுக்திகளைப் பதிவு செய்தது. நம் மாமாவை யாரும் எழுதவில்லை. அவரும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இப்போது நாமும் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு அதோடு முடிந்தது.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் 1930-களின் பஞ்ச காலத்தில் பழைய போர்டு காரை அறுத்து டிராக்டராக்கினார்கள். சுவீடனில் போர்க்காலத்தில் கார்களை டிராக்டராக மாற்றினார்கள். மலிவு விலைக் கடை ஒன்றின் பெயரால் கேலியாக அதற்கு "எபா" என்று பேர் வைத்தார்கள். அரசாங்கம் தடுக்கவில்லை, சட்டம் போட்டு, வேகத்துக்கு வரம்பு வைத்து அனுமதித்தது. போலந்து மலைக் கிராமங்களில் இப்படிப்பட்ட வண்டிக்கு "சாம்" என்று பெயர். அவர்கள் மொழியில் "தானே" என்று அர்த்தம். தானே செய்தது. என்ன அழகான பெயர்! நாம் இதையெல்லாம் "ஓட்டை வண்டி" என்கிறோம்.

இனி, பழுதுபார்ப்பது என்றால் எப்படி என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. இதில்தான் ரிசார்ட் கட்சியோடு என் சண்டை. மஞ்சள் பெயிண்ட் அடிப்பது காப்பாற்றுவது ஆகாது. இறந்தவருக்கு ரோஸ் பவுடர் பூசுவது போலத்தான் அது.

முதல் வேலை ஸ்பேனர் எடுப்பது இல்லை. நோட்டுப் புத்தகம் எடுப்பது. ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம், எல்லாப் பாகத்துக்கும் அளவு. மாமாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவர் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். அத்தை சொல்வதையும்தான். எந்த வருடம் எந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது இந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வண்டி இன்னும் பத்து வருடம் துருப்பிடித்துக் கிடந்தாலும் பிழைக்கும். இவர்கள் நினைவு காத்திருக்காது.

இரண்டாவது, பலம் காட்டக் கூடாது. இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிளைவீல் அசையவில்லை. இப்போது நான்கு பையன்கள் சேர்ந்து கம்பி வைத்து நெம்பினால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். தினமும் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் உதவும். தண்ணீர் ஓடும் பாகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டியில் இருக்கும் துருவைக் கழுவாமல் டீசல் ஊற்றினால் நாசில் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். கழற்றிய போல்ட்டுகளை இடம் எழுதித் தனித்தனி டப்பாவில் போட வேண்டும். இந்த மாதிரிப் பழைய இன்ஜினில் விட்வொர்த் மரை இருக்கும். இன்றைய மில்லிமீட்டர் நட்டை "பொருந்துகிற மாதிரி இருக்கிறதே" என்று முறுக்கினால் மரை போய்விடும்.

உதிரிபாகத்துக்குப் பயப்பட வேண்டாம். ராஜ்கோட்டில் லிஸ்டர் மாதிரி இன்ஜின்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். ரிங், வால்வு, பேரிங் வாங்கிவிடலாம். மாமா அறுத்து ஒட்டிய பாகங்களுக்குத்தான் கடை இல்லை. அவற்றை மாற்றவே கூடாது. தேய்ந்திருந்தால் நிரப்பிக் கடைந்துகொள்ளலாம். மாற்றியே தீர வேண்டும் என்றால், புதிய பாகத்தில் வருடத்தைப் பஞ்ச் அடித்துவிட்டு, பழையதைப் பெட்டியில் வைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கிறவனுக்கு எது மாமா கை, எது நம் கை என்று தெரிய வேண்டும். சட்டத்தில் அவர் உளி வைத்து வெட்டிய எண்கள் இருக்கின்றன. மணல் அடித்துச் சுத்தம் செய்தால் அவை போய்விடும். துரு பரவாமல் எண்ணெய் தடவினால் போதும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ரோட்டில் ஓட்டவே கூடாது. பதிவு இல்லை, காப்பீடு இல்லை, பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். வயலுக்குள் மட்டும், ஆள் பழகியவராக இருந்தால் மட்டும். பெல்ட்டுக்கு மூடி போட வேண்டும், வேட்டியோ துப்பட்டாவோ சிக்கினால் விடாது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. இழுவைக் கொக்கியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டினால், சுமை இழுக்கும்போது முன்பக்கம் தூக்கி ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். இது பழைய டிராக்டர்களில் எத்தனையோ உயிரைக் குடித்த விஷயம். ஹாரி பெர்குசன் மூன்று முனைப் பிணைப்பு கண்டுபிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மாமா கொக்கியைத் தாழத்தான் வைத்திருக்கிறார். யாரும் "வசதிக்காக" உயர்த்த வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொன்னவர்களுக்கு என் பதில். "அந்தக் காசுக்கு ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டலாம்" என்று என் தங்கை மகள் எழுதியிருந்தாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் குடும்பத்தில் யாருக்காவது அப்படி நெருக்கடி இருந்தால் முதலில் அதுதான், டிராக்டர் அப்புறம். அப்படி ஒன்று இல்லாதபோது அந்த வாதத்தைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம். போன வருடம் நம் வீட்டுக் காதுகுத்துக்குப் போட்ட பந்தல் செலவை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, இதுவும் கல்விதான். நாற்பது வருடத்துக்குப் பக்கமாக வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். காந்தி 1937-இல் ஆதாரக் கல்வி என்று சொன்னபோது, கை வழியாக மூளைக்குப் போகும் பாதை ஒன்று இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆசிரியர் பயிற்சியில் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். பள்ளிக்கு வந்தபோது கைத்தொழில் பீரியடில் கணக்கு நடத்தச் சொன்னார்கள். கோவை ஜி.டி.நாயுடு (1893–1974) பட்டம் படித்தவர் இல்லை. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, கழற்றிப் பிரித்து, மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது ஊரறிந்த கதை. இன்றைய பிள்ளைகளுக்குக் கழற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? போனைப் பிரித்தால் வாரண்டி போய்விடும். மாமாவின் டிராக்டரில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பிஸ்டன் ஏறுவது, பெல்ட் சுற்றுவது, பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுவது. எட்டாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்துக்கு நான் கரும்பலகையில் போட்ட படங்கள் எல்லாம் அந்தக் கை லீவரில் ஒரே இழுப்பில் புரிந்துவிடும்.

அதனால் என் யோசனை இது. வண்டி வீட்டுக்குள் அடைபட வேண்டாம். நம் மாணவர்கள் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் டர்னராக, வெல்டராக இருக்கிறார்கள். சிலர் சொந்தமாக லேத் வைத்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரட்டும். பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும். ஓடும் நிலைக்கு வந்தபின், இங்கே லாஸ்பேட்டையில் இருக்கும் தொழிற்கல்லூரிக்கோ, குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், மாமா பெயர் எழுதிய பலகையோடு கொடுத்துவிடலாம். சம்மதிக்கவில்லை என்றால் என் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட இடம் இருக்கிறது. அந்தச் செலவு என் பென்ஷனில்.

உறவுகளுக்கு: வரும் ஞாயிறு கொட்டகையில் கூடுவதாக இருக்கிறோம். காயலான் கடைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். அவர் சொன்ன தொகையை நானே மாமா பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன், யாருக்கும் நஷ்டம் இல்லை. அத்தையைக் கேட்காமல் முடிவு எடுக்க வேண்டாம். வளையல் அவர்களுடையது.

மாணவர்களுக்கு: யாரிடம் லேத் இருக்கிறது, யாருக்கு டீசல் பம்ப், நாசில் வேலை தெரியும், யாரிடம் பழைய ஜீப் கியர்பாக்ஸ் சாமான் கிடக்கிறது என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கையால் செய்த ஏதாவது இருந்தால், அது மர ஏற்றமாக இருந்தாலும் சரி, மீன்பாடி வண்டியாக இருந்தாலும் சரி, ஒரு படம் எடுத்து, செய்தவர் பெயரோடு போடுங்கள். பழுதுபார்க்க முடியாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும்.

"அருமை சார்" வேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி இட்லிக்குச் சொல்ல வேண்டும்.